ஒரே தட்டில் நால்வர்: எத்தியோப்பிய உணவகத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

அலுவல் நிமித்தம் அடிஸ் அபாபாவுக்குப் போகவிருக்கும் நீங்கள் நால்வரும் கேட்டிருப்பதன் சாரம் இது: அங்குள்ள அலுவலகத்தார் உங்களை ஒரு மரபு உணவகத்துக்கு இரவு விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள், எல்லோரும் ஒரே தட்டில் கையால் சாப்பிட வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள், உங்களில் இருவர் சைவம், ஒருவருக்கு, பிறர் கை வைத்த தட்டில் தானும் கை வைப்பதே ஒவ்வாத காரியம். எப்படி நடந்துகொள்வது, எதைக் கேட்டு வாங்குவது, எதிலிருந்து ஒதுங்கியிருப்பது என்கிறீர்கள். எத்தியோப்பியாவில் சில ஆண்டுகள் கல்லூரி ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பதில் நீளமாகத்தான் இருக்கும். அந்தத் தட்டில் எது எங்கே, எதற்காக இருக்கிறது என்பது புரியாமல், செய்யக்கூடியவற்றையும் கூடாதவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லாம் மறந்துவிடும்.

கூச்சப்படுகிறவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நாம் எச்சில் என்று சொல்வது வாயில் பட்ட கை திரும்பவும் பொதுப் பாத்திரத்துக்குள் போவதைத்தான். எத்தியோப்பியத் தட்டின் விதிகள் பெரும்பாலும் இதைத் தடுக்கவே ஏற்பட்டவை போல இருக்கின்றன. வலக்கையின் விரல் நுனிகளால் மட்டும் இஞ்செரா என்னும் அகன்ற புளித்த அப்பத்தில் ஒரு துண்டைக் கிழித்து, அதைக் குழம்பின்மேல் போர்த்தி, குழம்பை அதற்குள் அள்ளி மூடி, அந்தப் பொட்டலத்தை வாய்க்குள் போட வேண்டும். விரல் உதட்டில் படக் கூடாது. விரலைச் சூப்புவதும் நக்குவதும் அங்கே அநாகரிகம். ஒருமுறை வாயருகே போன துண்டின் மிச்சத்தைத் தட்டில் திரும்ப வைப்பதில்லை. அடுத்த கவளத்துக்குப் புதிதாக ஒரு துண்டு. அத்தோடு, வட்டத்தட்டில் உங்களுக்கு நேர் முன்னால் இருக்கும் பகுதி மட்டுமே உங்களுடையது. இலையில் சோற்றைப் பிசைந்து, ரசத்தை உள்ளங்கையால் வழித்துச் சாப்பிட்டுப் பழகிய நம் கைதான் அங்கே அலங்கோலமாகத் தெரியும். என் கை அப்படித்தான் தெரிந்தது.

இது நம் பக்கத்தில் இல்லாத வழக்கமும் இல்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கல்யாண வீட்டுக்குப் போனவர்களுக்குச் சஹன் சாப்பாடு தெரிந்திருக்கும்; ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் எடுத்துச் சாப்பிடுவார்கள். அதைச் சாப்பிட்டவருக்கு எத்தியோப்பியத் தட்டில் பாதிக் கூச்சம் அப்போதே போய்விடும்.

இனி, அந்தத் தட்டின் அடித்தளமான இஞ்செராவைப் பற்றி. தமிழர்களுக்கு அதை விளக்கும்போது எல்லோரும் 'புளித்த பெரிய தோசை' என்று முடித்துவிடுகிறார்கள். தோற்றத்துக்கு அது ஆப்பத்தின் நடுப்பகுதியை ஒரு முழ அகலத்துக்கு விரித்தது போல இருக்கும். ஆனால் அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. டெஃப் என்னும் தானியம், எத்தியோப்பிய மேட்டுநிலத்துக்கே உரியது. ஒரு கிராமில் ஏறத்தாழ 2,500 முதல் 3,000 விதைகள் அடங்கும் அளவுக்குச் சிறியது. கசகசாவைக் கையில் எடுத்துப் பார்ப்பது போலத்தான். நம் கேழ்வரகுக்குப் பூர்வீகமும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான் என்பதால், டெஃப் மாவின் மண்வாசனை கலந்த சுவை கேழ்வரகுக் கூழ் குடித்தவர்களுக்கு முற்றிலும் அந்நியமாக இருக்காது. வெள்ளை, சிவப்பு, இரண்டும் கலந்தது என டெஃப் பலவகை; வெண்மை கூடக்கூட விலையும் கூடும், விருந்துக்கு வெள்ளையைத்தான் இடுவார்கள். எனக்குச் சிவப்பு இஞ்செராதான் பிடிக்கும் என்று சொன்னபோதெல்லாம், சிக்கனத்துக்காகச் சொல்கிறேன் என்றே என் சக ஆசிரியர்கள் நினைத்தார்கள்.

மாவைத் தண்ணீரில் கரைத்து, முந்தைய மாவின்மேல் தெளிந்து நின்ற மஞ்சள் நீரை (எர்ஷோ என்பது அதன் பெயர்) உறை போல ஊற்றி, இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுகிறார்கள். பின்பு அதிலிருந்து கொஞ்சம் மாவை எடுத்துக் கொதிநீரில் கூழாகக் காய்ச்சித் திரும்பவும் மாவோடு கலக்கிறார்கள். இந்தக் கூழுக்கு அப்சித் என்று பெயர். இதுதான் இஞ்செராவைக் கிழியாமல் சுருட்டும்படி மென்மையாக்குகிறது. நாம் ஆப்ப மாவுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றும் கைப்பக்குவத்தோடு இதை ஒப்பிடலாம். மித்தாத் என்னும் அகன்ற மண்கல்லில், வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி மாவை ஊற்றுவார்கள். மேற்பரப்பு முழுக்கச் சிறு கண்கள் திறந்தவுடன் மூடியைப் போட்டு ஆவியில் வேகவிடுவார்கள். திருப்பிப் போடுவதே இல்லை. கண்கள் நெருக்கமாகவும் சீராகவும் இருந்தால்தான் நல்ல இஞ்செரா. அந்தக் கண்களே குழம்பை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறவை. எனவே துண்டைக் கிழித்தபின் கண்ணுள்ள பக்கம் குழம்பைத் தொடும்படி பிடிக்க வேண்டும். வழுவழுப்பான அடிப்பக்கத்தால் அள்ளப் பார்த்து, குழம்பு வழுக்கி ஓடுவதைக் கண்டு திகைப்பது புதியவர் எல்லோருக்கும் நேர்வது.

அங்கே இஞ்செரா ஒரே நேரத்தில் தட்டும் கரண்டியும் சோறும் ஆகிவிடுகிறது. மெசொப் என்பது புல்லால் பல வண்ணத்தில் பின்னிய, கூம்பு மூடி போட்ட உயரமான கூடை, அதுவே மேசை. அதைச் சுற்றித் தாழ்ந்த முக்காலிகளில் உட்காருவீர்கள். மூடியை எடுத்தால் உள்ளே ஒரு பெரிய வட்டத்தட்டு, அதன்மேல் தட்டு முழுவதும் மறையும்படி விரித்த ஒரு இஞ்செரா. பரிமாறுகிறவர் சிறு சிறு கிண்ணங்களில் குழம்புகளைக் கொண்டுவந்து உங்கள் கண்ணெதிரே அதன்மேல் குவியல் குவியலாகக் கவிழ்ப்பார். சிவப்புப் பருப்பு, மஞ்சள் பருப்பு, கருஞ்சிவப்புக் கோழிக்குழம்பு, பச்சைக் கீரை எனத் தட்டு நிறைந்துவிடும். சுருட்டி அடுக்கிய இஞ்செராக்கள் ஓரத்திலோ தனிக்கூடையிலோ வரும். நீங்கள் கிழித்து எடுப்பது இந்தச் சுருள்களிலிருந்துதான். விரித்திருக்கும் இஞ்செராவை முதலிலேயே கிழித்துவிட்டால் குழம்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அது கடைசிவரை காத்திருந்து, எல்லாக் குழம்பின் சாற்றையும் குடித்து ஊறிய பிறகு, சாப்பாட்டின் முடிவில் சாப்பிடப்படுவது. அந்த ஊறிய அடியிஞ்செராதான் முழு விருந்திலும் மிகச் சுவையான பகுதி என்பது என் தீர்மானமான கருத்து; சுருள்களாலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு அதற்கு இடமில்லாமல் செய்துவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு முன் கை கழுவ எழுந்து போக வேண்டியதில்லை. வெள்ளைப் பருத்தி உடையணிந்த பெண் ஒருவர் கெண்டியும் வட்டிலுமாக வந்து, உட்கார்ந்த இடத்திலேயே ஒவ்வொருவர் கையிலும் நீர் வார்ப்பார். பெரியவருக்கோ விருந்தாளிக்கோ முதலில் வார்ப்பது வழக்கம் என்பதால் பெரும்பாலும் உங்களிடம்தான் முதலில் வருவார். 'அவருக்கு முதலில்' என்று உபசாரம் பேசி அவரைத் தடுமாற வைக்காமல் கையை நீட்டிவிடுங்கள். தட்டில் முதல் கை அழைத்தவருடையதாகவோ மூத்தவருடையதாகவோ இருக்கட்டும். அதன்பின் தயங்கவும் வேண்டாம், அவசரமும் வேண்டாம். இடக்கை மடியிலேயே இருக்கலாம். இரண்டு கையும் பிடித்துப் பரோட்டாவைப் பிய்ப்பது போலப் பிய்க்க வேண்டிய அவசியம் இஞ்செராவுக்கு இல்லை. சுருளின் ஓரத்தை நடுவிரலால் அழுத்திக்கொண்டு கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் இழுத்தால் மூன்று விரற்கடை அகலத்தில் துண்டு வந்துவிடும். துண்டு சிறிதாக இருந்தால் விரல் குழம்பில் முங்கும். பெரிதாக இருந்தால் வாய் கொள்ளாது.

உங்கள் பகுதி மட்டுமே உங்களுடையது என்று சொன்னேன் அல்லவா, அதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். துறைத்தலைவர் வீட்டு விருந்தில் கோழிக்குழம்பின் முட்டைகள் தட்டின் நடுவே இருந்தன. ஊரில் பந்தியில் எட்டி எடுத்துப் பழகிய கையால், என் எதிரே இருந்தவர் பக்கமாகச் சரிந்திருந்த முட்டையை நான் எடுத்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள், அவ்வளவுதான். பின்னர்தான் தெரிந்தது: முட்டை ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் போடப்படுவது, கறித்துண்டும் முட்டையும் வீட்டுக்காரர் கையால் எடுத்து உங்கள் முன்னால் நகர்த்தி வைக்கப்படுவது. நீங்கள் கை நீட்ட வேண்டியதே இல்லை. நடுவில் இருப்பது உங்களிடம் வந்து சேரும்வரை, உங்கள் முன்னால் இருக்கும் பருப்பையும் கீரையையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பதுதான் முறை.

இந்த விதிகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மீறும் ஒரு வழக்கமும் உண்டு. அதன் பெயர் குர்ஷா. ஒருவர் நல்ல கவளம் ஒன்றைக் கட்டி, அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் உங்கள் வாயில் ஊட்டிவிடுவது. அன்பையும் மதிப்பையும் காட்டும் செயல் அது. மணமக்கள், நண்பர்கள், மாமியார் மருமகன், அலுவலகத்துப் பெரியவர், யாரும் யாருக்கும் ஊட்டலாம். கவளம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாசம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கூச்சப்படும் நண்பருக்கு இதுதான் சோதனை. மறுப்பது வெளிப்படையான குற்றமாகக் கொள்ளப்படாவிட்டாலும், நீட்டிய கை காற்றில் நிற்பது எந்த ஊரிலும் நல்ல காட்சி இல்லை. வாயை நன்றாகத் திறந்தால், ஊட்டுகிறவர் விரல் உதட்டில் படாமலே கவளம் உள்ளே போய்விடும். அரைகுறையாகத் திறந்தால்தான் குழம்பு தாடையில் வழியும். ஒன்றோடு நிறுத்துவதும் சரியில்லை என்று வற்புறுத்தி இரண்டாவதையும் ஊட்டுவார்கள். பிறகு நீங்களும் ஒரு கவளம் கட்டித் திருப்பி ஊட்டினால், அன்றைய விருந்தில் உங்களைப் பற்றிய பேச்சு அதுவாகத்தான் இருக்கும். உண்மையாகவே முடியாதவர், நெஞ்சில் கை வைத்துத் தலைகுனிந்து 'தெகெப்கு' என்று சொல்லலாம். வயிறு நிறைந்துவிட்டது என்பது பொருள். ஆனால் அதைச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது.

என்ன வாங்குவது என்பதற்கு வருகிறேன். ஆளுக்கொரு உணவு என்று எண்ணி வாங்காதீர்கள். தட்டுக்கு என்ன வேண்டும் என்று எண்ணுங்கள். நால்வருக்கு ஒரு கோழியோ இறைச்சியோ, ஒரு பலவகைச் சைவத் தட்டு, ஷிரோ என்னும் மாவுக் குழம்பு ஒன்று போதும். குழம்புகளுக்குப் பொதுப்பெயர் வொத். காரமானவை பெர்பெரே என்னும் பொடியில் ஆனவை. காய்ந்த மிளகாயோடு இஞ்சி, பூண்டு, வெந்தயம், கொத்தமல்லி, ஓமம், கருஞ்சீரகம், ஒருவகைத் துளசி, ஏலக்காயின் உறவான கோரரிமா எல்லாம் சேர்த்து வெயிலில் காயவைத்து இடிப்பது. நம் வீட்டுக் குழம்பு மிளகாய்த்தூளுக்குப் பெரியம்மா மகள் என்று வைத்துக்கொள்ளலாம். காரம் வேண்டாம் என்றால் அலிச்சா என்று பெயர் முடிகிற உணவுகளைக் கேளுங்கள். அவை மஞ்சள் போட்டுச் சமைத்த மென்மையான குழம்புகள்.

டோரோ வொத் என்னும் கோழிக்குழம்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரியாமல் சாப்பிட்டால் 'கோழி குறைவு, குழம்பு அதிகம்' என்று புகார்தான் தோன்றும். அந்தக் குழம்பின் உயிர் கோழியில் இல்லை, வெங்காயத்தில் இருக்கிறது. மிகப் பொடியாக நறுக்கிய வெங்காயத்தை, கோழியின் எடைக்குக் குறையாமல், சட்டியில் எண்ணெயே விடாமல் போட்டு மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே இருப்பார்கள். முக்கால் மணி, ஒரு மணி என்று நேரம் போகும். வெங்காயம் தன் நீரிலேயே வெந்து, வற்றி, நிறம் மாறிப் பசையாகிவிடும். பிறகுதான் வாசனைப் பொருட்கள் போட்டு உருக்கிய நித்தெர் கிபே என்னும் நெய்யும், பெர்பெரேயும். அந்தப் பொடி நிறம் மாறிக் கருஞ்சிவப்பாகும்வரை மீண்டும் வதக்கல். எலுமிச்சையும் உப்பும் போட்டுப் பலமுறை கழுவிய கோழி கடைசியில் சேரும். மரபாகக் கோழியைப் 12 துண்டுகளாக வெட்டுவது கணக்கு. அந்தக் கணக்கு பிசகாமல் வெட்டத் தெரிந்த பெண்ணைத்தான் சமைக்கத் தெரிந்தவள் என்று முன்பு மதித்தார்கள். அவித்த முட்டைகள் இறக்குமுன் சேரும். வெங்காயத்தை அவசரப்படுத்திய டோரோ வொத் பச்சை வாசனையும் இனிப்பும் அடிக்கும். நாவில் பட்டவுடன் தெரிந்துவிடும்.

சைவம் சாப்பிடும் இருவருக்கும் நல்ல செய்தி இருக்கிறது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தெவாஹெதோ திருச்சபையைச் சேர்ந்தவர்கள் புதன், வெள்ளிக்கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாட்களிலும், ஆகஸ்டில் 15 நாட்களிலும், இன்னும் பல காலங்களிலும் நோன்பிருக்கிறார்கள். எல்லாம் சேர்த்தால் பொதுமக்களுக்கே ஆண்டில் சுமார் 180 நாள் வரும். துறவிகளுக்கும் குருமார்களுக்கும் 250 வரை. நோன்பு என்றால் பட்டினி மட்டும் இல்லை. இறைச்சி, முட்டை, பால், நெய், தயிர் எதுவுமே கிடையாது. ஆண்டில் பாதி நாள் இப்படிச் சாப்பிடும் ஒரு சமூகம், பருப்பையும் கீரையையும் எண்ணெயில் எவ்வளவு சுவையாகச் சமைக்கலாம் என்று பல நூற்றாண்டுகளாகப் பழகியிருக்கிறது. எனவே 'வெஜிடேரியன்' என்று சொல்வதைவிட 'த்ஸோம்' என்று சொல்லுங்கள். நோன்பு என்று பொருள். சமையலறைவரை அந்த ஒரு சொல் சரியாகப் போய்ச் சேரும். 'யெத்ஸோம் பெயாய்நெத்து' என்று கேட்டால் நோன்பு உணவின் பலவகைத் தட்டு வரும்: சிவப்பு மசூர்ப் பருப்பின் மிசிர் வொத், மஞ்சள் பட்டாணிப் பருப்பின் கிக் அலிச்சா, கோமென் என்னும் கீரை, முட்டைக்கோசும் கேரட்டும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கூட்டு, பீட்ரூட், கடுகு அரைத்து விட்ட முழு மசூர், நடுவில் ஷிரோ.

ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஷிரோ என்பது வறுத்த கொண்டைக்கடலை அல்லது மொச்சை மாவில் காய்ச்சுவது, சின்ன மண்சட்டியில் குமிழ் விட்டுக் கொதித்தபடியே மேசைக்கு வரும், மிக எளிமையான, மிக நல்ல உணவு. நோன்பில்லாத நாட்களில் அதில் நெய்யும், சில வகைகளில் இறைச்சியும் சேரும். கோமெனும் இறைச்சியோடு சமைக்கப்படுவதுண்டு. 'சிகா' என்றால் இறைச்சி, அந்தச் சொல் பெயரில் இருந்தால் விலகிவிடுங்கள். மூன்றாவது, நோன்பில் மீன் கூடுமா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பல உணவகங்கள் நோன்பு நாளில் மீன் பரிமாறுகின்றன. 'அசா' என்றால் மீன். ஈஸ்டரை அடுத்த 50 நாட்களுக்குப் புதன் வெள்ளி நோன்பும் கிடையாது. அந்த வாரங்களில் போனால் நோன்புத் தட்டு இருக்கிறதா என்று முன்கூட்டியே அழைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

சைவ, அசைவக்காரர்கள் ஒரே தட்டில் உட்காரலாமா என்றால், வேண்டாம் என்பேன். குழம்புகள் அடியில் ஓடிக் கலக்கும். தனித்தட்டு கேட்டால் அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கு அது பழகிய காரியம். கிறித்தவர் அறுத்த இறைச்சியை முஸ்லிம்கள் சாப்பிடுவதில்லை, முஸ்லிம்கள் அறுத்ததைக் கிறித்தவர்கள் சாப்பிடுவதில்லை. எங்கள் கல்லூரியில் இரு தரப்பு ஆசிரியர்களும் சேர்ந்து சாப்பிடும் நாளில் நோன்புத் தட்டைத்தான் வரவழைப்பார்கள். எல்லோர் கையும் தடையின்றி ஒரே தட்டில் போக அதுவே வழி. பன்றி இறைச்சியை இரு தரப்பும் தொடுவதில்லை என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

அசைவக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கித்ஃபோ என்னும் பெயரைப் பார்த்து, கொத்துக்கறிப் பொரியல் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது பொடியாகக் கொத்திய பச்சை மாட்டிறைச்சி. மித்மிதா என்னும் கடுங்காரப் பொடியும் வெதுவெதுப்பான மணநெய்யும் சேர்த்துப் பிசைந்தது. குராகே மக்களின் பெருமைக்குரிய உணவு. உதிரியான அயிப் என்னும் பாலாடைக்கட்டியோடும், வாழையைப் போன்ற எந்செத் மரத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட கொச்சோ ரொட்டியோடும் பரிமாறுவார்கள். பச்சை இறைச்சியால் நாடாப்புழு வருவது அவர்களும் அறிந்ததே. கொசோ என்னும் மரத்தின் பூவை அதற்கு மருந்தாகக் காலங்காலமாகக் குடித்து வந்திருக்கிறார்கள். முதன்முறை வருகிறவர் வயிற்றுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. 'லெப் லெப்' என்றால் லேசாகச் சூடு காட்டியது, அதுவும் பச்சையே. 'யெபெசெலெ' என்றால் முழுதும் வெந்தது. வெந்த கித்ஃபோ பாதிச் சுவைதான் என்று அவர்கள் சொல்வார்கள். பாதிச் சுவை போதும் என்று சொல்லிவிடுங்கள். அல்லது, கறித்துண்டுகளை வெங்காயத்தோடும் பச்சை மிளகாயோடும் வதக்கிய திப்ஸ் வாங்குங்கள். தமிழ் நாக்குக்கு அதில் எந்த இடைஞ்சலும் இல்லை.

கோதுமை ஒவ்வாதவர் உங்களில் யாரேனும் இருந்தால்: டெஃப்பில் குளூட்டன் இல்லை. ஆனால் எல்லா இஞ்செராவும் முழு டெஃப் இல்லை. உள்நாட்டு விலையேற்றத்தை முன்னிட்டு 2006 இல் எத்தியோப்பிய அரசு டெஃப் தானிய ஏற்றுமதிக்குத் தடை விதித்ததால், வெளிநாட்டு எத்தியோப்பிய உணவகங்களில் கோதுமை, பார்லி மாவு கலப்பது வழக்கமாகிவிட்டது. எத்தியோப்பியாவிலேயே சிக்கனத்துக்காகப் பிற மாவு சேர்ப்பவர்கள் உண்டு. எனவே கேட்டுத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

குடிப்பதற்குத் தெஜ் என்னும் தேன் மது வரும். கெஷோ என்னும் செடியின் இலையும் குச்சியும் போட்டுப் புளிக்கவைப்பது, வயிறு உருண்டு கழுத்து நீண்ட கண்ணாடிக் குடுவையில் தருவார்கள். தேன்தானே என்று பானகம் போலக் குடித்துவிட்டு, கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். மது வேண்டாதவர்கள் 'பிர்ஸ்' கேளுங்கள், புளிக்காத தேன்நீர். அல்லது அம்போ என்னும் வாயு நிறைந்த ஊற்றுநீர். இவ்வளவு புளிப்புக்கும் காரத்துக்கும் நடுவே அதுதான் இதம்.

நேரத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு, இதில் ஏமாந்தவர்கள் பலர். அங்கே நாளின் மணிக்கணக்கு காலை 6 மணிக்குத் தொடங்குகிறது. நம் 7 மணி அவர்களுக்கு 1 மணி. 'இரவு 2 மணிக்கு உணவகத்துக்கு வாருங்கள்' என்று சொன்னால் நம் கணக்கில் இரவு 8 மணி. அழைத்தவர் எந்தக் கணக்கில் சொன்னார் என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். யோத் அபிசீனியா, 2000 ஹபேஷா போன்ற பெரிய உணவகங்களில் இரவு மேடையில் பாட்டும் ஆட்டமும் உண்டு என்பதால் முன்பதிவும் தேவைப்படும். தோளை மட்டும் குலுக்கி ஆடும் எஸ்கிஸ்தா ஆட்டக்காரர்கள் மேசைக்கு வந்து உங்களையும் ஆட அழைப்பார்கள். ஒற்றைத் தந்தி மசின்கோவை இசைத்துப் பாடும் அஸ்மாரி வந்தால், உங்கள் வழுக்கையையோ மீசையையோ வைத்து அப்போதே பாட்டுக் கட்டுவார், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். கோபித்துக்கொள்ளாமல் ஒரு நோட்டை எடுத்து அவர் நெற்றியில் ஒட்டுவது அங்குள்ள பதில் மரியாதை. சாப்பாடு ருசிக்க வேண்டுமானால், பேசவும் கேட்கவும் முடிகிற சிறிய உணவகம்தான் எனக்குச் சரி. ஆனால் அழைக்கப்பட்டவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கை கழுவியதும் கிளம்பிவிடலாம் என்று திட்டமிடாதீர்கள். காப்பி இருக்கிறது, அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். தரையில் பச்சைப் புல் பரப்பிய ஒரு மூலையில், சாம்பிராணிப் புகைக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்து பச்சைக் காப்பிக்கொட்டையைக் கழுவி, தட்டையான இரும்புச் சட்டியில் வறுப்பார். வறுபட்டு எண்ணெய் மினுங்கும் நேரத்தில் சட்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வருவார்; கையால் புகையை முகத்துப் பக்கம் விசிறி முகர்ந்து தலையசைக்க வேண்டும். உரலில் இடித்து, ஜெபெனா என்னும் நீண்ட கழுத்துள்ள மண்குடத்தில் காய்ச்சி, ஒரு முழம் உயரத்திலிருந்து, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் சிந்தாமல் ஊற்றுவார். கூடவே சோளப்பொரியோ வறுத்த வாற்கோதுமையோ வரும். பால் கிடையாது. சர்க்கரை உண்டு, கிராமப்புறங்களில் உப்போ வெண்ணெயோ போடுவதும் உண்டு. நம்மூரில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சதாப்பிலையின் ஒரு கொத்தைச் சிலர் கோப்பையில் போட்டுக்கொள்வார்கள். ஒருமுறை முயன்று பாருங்கள்.

அதே தூளில் மீண்டும் மீண்டும் நீர் ஊற்றி மூன்று முறை காய்ச்சுவார்கள். முதல் கோப்பை அபோல், கெட்டியானது. இரண்டாவது தோனா. மூன்றாவது பெரெக்கா, ஆசி என்று பொருள். நிறம் வெளுத்து, காப்பி என்பதைவிடக் காப்பி வாசனையுள்ள வெந்நீர் என்று சொல்லத்தக்கது. சுவைக்காகக் குடிப்பவர் அபோலோடு நிறுத்திவிட நினைப்பார். அங்கே அபோலைக் குடித்துவிட்டு எழுந்திருப்பது, இலையில் பாயசம் வருமுன் பந்தியிலிருந்து எழுவது போல. தூக்கம் வராது என்று அஞ்சுகிறவர் முதலிரண்டு கோப்பைகளையும் பாதி பாதியாகக் குடித்துக்கொண்டு, வெளுத்த பெரெக்காவை மட்டும் முழுவதும் குடித்துவிட்டு எழுந்திருக்கலாம்.